வெயிலில் ட்ரோன் ஓட்டும்போது டெப் சுட்டு நின்றுவிடாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ட்ரோன் ஓட்டுபவர்களில் பெரும்பாலானோர் கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று படம்பிடிப்பவர்கள். கொஞ்சப் பேர் காணி அளவைக்கும் தோட்டம் பார்க்கவும் பறக்கவிடுகிறார்கள். பங்குனி பிறந்தால் எல்லாருக்கும் வரும் தொல்லை ஒன்றுதான். ட்ரோன் மேலே ஒழுங்காக நிற்கும். ட்ரோன் காட்டுவதைப் பார்க்கக் கையில் வைத்திருக்கும் டெப் (டெப்லெட்) சுட்டு, திரை மங்கி, கடைசியில் நின்றுவிடும். கீழேயுள்ள பதில்கள் ஐபாட் மினி, 8 அங்குல அன்ட்ரொய்ட் டெப் போன்றவற்றை ரிமோட்டில் பூட்டி ஓட்டுபவர்களுக்கு. திரை சேர்ந்தே வரும் ரிமோட்டுகளுக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

ஐபாட் 35 பாகை செல்சியஸ் வரை வேலை செய்யும் என்று போட்டிருக்கிறது. இங்கே 33, 34 தானே வருகிறது. பிறகு ஏன் நிற்கிறது?

வானிலை அறிக்கையில் சொல்லும் 34 பாகை நிழலில் அளந்த காற்றின் வெப்பநிலை. உங்கள் டெப் நிழலில் இல்லை. அதன் முகம் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி.

ஒரு சின்னக் கணக்கு. முகில் இல்லாத உச்சி வெயில் ஒரு சதுர மீற்றருக்குக் கிட்டத்தட்ட 1000 வாட் கொட்டுகிறது. ஐபாட் மினியின் முகம் சுமார் 19.5 சதமமீற்றருக்கு 13.5 சதமமீற்றர். நேராக வெயில் விழுந்தால் ஏறக்குறைய 26 வாட் அதன்மேல் விழுகிறது. பெரும்பகுதியைக் கண்ணாடி உறிஞ்சிவிடும். டெப் தானாக உண்டாக்கும் சூடு எவ்வளவு? ஆறாம் தலைமுறை மினியின் பற்றரி 19.3 வாட்-மணி. ட்ரோன் வீடியோவும் முழு வெளிச்சமுமாக மூன்று மணித்தியாலத்தில் அது தீர்கிறது என்று வைத்தால்கூட 6.5 வாட்தான். அதாவது செயலி, திரை, வைஃபை எல்லாம் சேர்ந்து தரும் சூட்டைப் போல நான்கு மடங்கை வெயில் தருகிறது.

இந்தக் கணக்கு விளங்கினால் மிச்சமெல்லாம் விளங்கும். விசிறி பூட்டுவதும் செற்றிங் மாற்றுவதும் அந்த 6.5 வாட்டோடு மல்லுக்கட்டும் வேலை. நிழல் பிடித்தால் 26 வாட் போகிறது. ஆகவே முதலில் நிழல், மற்றதெல்லாம் பிறகு.

எந்த மாதம், எந்த நேரம் மோசம்?

சித்திரை வருஷப்பிறப்பை ஒட்டிய நாட்கள். ஏப்ரல் 14, 15 அளவில் யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நேரம் ஏறத்தாழ பகல் 12.10. அந்த வேளையில் நிலத்தில் நட்ட தடிக்கு நிழலே இருக்காது, உங்கள் உடம்பின் நிழலும் டெப்புக்கு உதவாது. ஓகஸ்ட் கடைசியில், நல்லூர்த் திருவிழாக் காலத்தை ஒட்டி, சூரியன் மறுபடியும் தலைக்கு மேலால் போகும். ஆனால் அப்போது சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசுவதால் வெக்கை கொஞ்சம் தெரியாது.

படப்பிடிப்பு நேரத்தை நீங்களே தீர்மானிக்கலாம் என்றால் காலை 9 மணிக்கு முதல் அல்லது பின்னேரம் 4 மணிக்குப் பிறகு பறக்கவிடுங்கள். படத்துக்கும் அந்த வெளிச்சம்தான் அழகு. முகூர்த்தம் பகல் 11 மணிக்கு என்றால் வேறு வழியில்லை. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

சூரியன் உச்சியில் நிற்கும்போது டெப்பைத் தட்டையாகப் பிடிக்காதீர்கள். தட்டையாகக் கிடந்தால் முழு வெயிலும் அதன்மேல். 60 பாகைக்கு நிமிர்த்திப் பிடித்தால் விழும் வெயில் பாதியாகும். ரிமோட்டைக் கழுத்துப் பட்டியில் தொங்கவிட்டு வயிற்றருகே படுக்க வைத்துப் பார்ப்பவர்களின் டெப்தான் முதலில் சுடும்.

நிழலுக்கு எது நல்லது? குடையா, தொப்பியா, திரைமூடியா?

காலையிலும் பின்னேரத்திலும் உங்கள் முதுகு போதும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, டெப்பின் நான்கு மூலையும் உங்கள் நிழலுக்குள் வருகிறதா என்று பாருங்கள். ஒரு மூலை வெளியே நின்றாலும் கண்ணாடி அந்தப் பக்கத்தால் சூடு வாங்கும்.

உச்சி நேரத்தில் குடை வேண்டும். வெளிப்பக்கம் வெள்ளை அல்லது வெள்ளிப் பூச்சு உள்ளதாக வாங்குங்கள். கறுப்புக் குடையும் நிழல் தரும்தான், ஆனால் அதன் துணி சூடாகிக் கீழ்நோக்கி வெக்கை வீசும். குடையைக் கமரா முக்காலியிலோ லைற் ஸ்ராண்டிலோ கிளிப் போட்டுப் பூட்டி, காலடியில் இரண்டு மூன்று கிலோ மண் நிரப்பிய பையைக் கட்டுங்கள். வைகாசிக்குப் பிறகு மணற்காட்டிலோ காரைநகர் கசூரினாவிலோ பாரமில்லாத ஸ்ராண்டில் குடை விரித்தால் ட்ரோனுக்கு முதல் குடை பறக்கும். வெள்ளிப் பூச்சுத் துணியை ரிமோட்டின் அன்ரனாவுக்கு முன்னால் வரவிடாதீர்கள். உலோகப் பூச்சு சிக்னலைத் தடுக்கும், ட்ரோனையும் கண்ணிலிருந்து மறைக்கும்.

கலியாண வீட்டில் பந்தல் இருக்கும். கிடுகுப் பந்தல் என்றால் யோசிக்காமல் அதன் ஓரத்தில் நில்லுங்கள். கிடுகு காற்றை விடும், கீழே வெக்கை தங்காது. நீலத் தறப்பாள் போட்ட பந்தல் அப்படியல்ல. நடுவே நின்றால் மேலிருந்து புழுக்கம் இறங்கும். காற்று வரும் பக்கத்து ஓரமாக நில்லுங்கள், வானமும் தெரியும். தகரக் கூரைக்குக் கீழே நிற்பதற்கு மரநிழல் எவ்வளவோ மேல்.

டெப்பைச் சுற்றிப் பூட்டும் திரைமூடி பற்றி ஒரு எச்சரிக்கை. அது கண்ணுக்கு வசதி, சூட்டுக்கு அல்ல. பின்பக்கத்தையும் மூடும் மாதிரி என்றால் டெப்பை ஒரு பெட்டிக்குள் வைத்து அவிப்பது போல. பின்பக்கம் முழுக்கத் திறந்திருக்கும் மூடியாக எடுங்கள். கறுப்பு மூடிதான் கிடைத்தது என்றால் வெளியே வெள்ளைத் துணி ஒட்டுங்கள்.

திரை தெரியவில்லை என்று வெளிச்சத்தை 100 வீதம் வைக்கிறேன். அதனாலும் சுடுமா?

சுடும். திரையின் பின்விளக்குத்தான் டெப்பின் பெரிய மின்செலவு. ஐபாட் மினியின் உச்ச வெளிச்சம் 500 நிட் (நிட் என்பது திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு); நேர் வெயிலில் அதை 100 வீதம் வைத்தாலும் வடிவாகத் தெரியாது. நிழலுக்குள் வந்துவிட்டால் 70 வீதத்தில் அதைவிடத் தெளிவாகத் தெரியும். நிழலில் இரட்டை இலாபம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. பொலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் சில கோணங்களில் திரை கன்னங்கரேலென்று இருண்டுவிடும். உடனே டெப்பில்தான் கோளாறு என்று வெளிச்சத்தைக் கூட்டுவோம். கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள், அல்லது தலையை ஒருபக்கம் சாய்த்துப் பாருங்கள். தெரிந்தால் பிழை டெப்பில் இல்லை.

பறக்க முதல் எந்தெந்தச் செற்றிங்கை மாற்ற வேண்டும்?

வீட்டிலேயே, வைஃபை உள்ள இடத்தில், பறக்கும் இடத்தின் வரைபடத்தைத் திறந்து பெருப்பித்துப் பார்த்து டெப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு களத்தில் சிம் தரவை நிறுத்திவிடலாம். நெடுந்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் சிக்னல் மெலிந்த இடங்களில் சிம் உள்ள டெப் கோபுரத்தைத் தேடித் தேடியே சுடும். ரிமோட்டுடன் கேபிளால் இணையும் ட்ரோன் என்றால் விமானப் பயன்முறையில் போடலாம். வைஃபை மூலம் இணையும் பழைய மாதிரி என்றால் வைஃபையை மட்டும் மறுபடி இயக்குங்கள்.

டிஜேஐ நிறுவனத்தின் ட்ரோன்களை ஓட்டும் டிஜேஐ ஃப்ளை செயலியில் கமராப் பகுதிக்குள், படம்பிடிக்கும்போதே நேரடி வீடியோவை டெப்பிலும் சேமிக்கும் தெரிவு ஒன்று இருக்கிறது. அதை நிறுத்துங்கள். நல்ல படம் ட்ரோனின் மெமரி அட்டையில் இருக்கிறது. டெப்பில் சேமிப்பது தரம் குறைந்த பிரதி, அதற்காக டெப் முழு நேரமும் எழுதிக்கொண்டிருக்கும். பின்னணியில் திறந்திருக்கும் மற்றச் செயலிகளை மூடுங்கள். முகப்புத்தக நேரலை போடுவதென்றால் அதை உச்சி வெயிலில் இதே டெப்பில் செய்யாதீர்கள்.

ரிமோட்டில் பூட்டியதும் டெப் தானாகச் சார்ஜ் ஆகிறது. நல்லதுதானே?

வெயிலில் நல்லதல்ல. சார்ஜ் ஏறும்போது பற்றரி உள்ளுக்குள் சூடாகும், ரிமோட்டின் பற்றரியும் கரையும். டிஜேஐயின் திரையில்லாத ஆர்சி-என்1 ரிமோட்டில் ஐபாட்டையோ ஐபோனையோ பூட்டினால், டிஜேஐ ஃப்ளையின் கட்டுப்பாட்டுப் பகுதியில் போனுக்குச் சார்ஜ் கொடுக்கும் தெரிவை நிறுத்தலாம். அன்ட்ரொய்ட் டெப்பில் அப்படித் தெரிவு கிடைக்காவிட்டால் நிரப்பிய டெப்போடு போங்கள். லிதியம் பற்றரி நிரம்பும் கட்டத்தில் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுக்கும். 40 வீதத்தோடு வந்து பூட்டினால் கடகடவென்று இழுக்கும், சூடும் அதற்கேற்ப. பவர் பாங்கைப் பறக்கும்போது டெப்பில் கொழுவவே வேண்டாம். இரண்டு பறப்புக்கு நடுவே, நிழலில்.

கவரைக் கழற்ற வேண்டுமா?

ஆம். ஐபாட்டின் அலுமினிய முதுகுதான் அதன் சூட்டை வெளியே விடும் வழி. சிலிக்கன் கவரும் தோல் கவரும் அதற்குப் போர்வை. விழுந்துவிடும் என்ற பயம் நியாயமானது, ஆகவே டெப்பைப் பிடிக்கும் தாங்கியை இறுக்கி, ஒரு பாதுகாப்புக் கயிறும் கட்டுங்கள்.

தாங்கி என்றதும் ஒன்று. ஆர்சி-என்1 ரிமோட்டின் பிடி 180 மில்லிமீற்றர் நீளம், 86 மில்லிமீற்றர் அகலம், 10 மில்லிமீற்றர் தடிப்பு வரையான போனுக்கே செய்யப்பட்டது. ஐபாட் மினி அகலத்தால் அதற்குள் வராது, தனித் தாங்கி வேண்டும். அந்த ரிமோட்டின் அன்ரனா மேலே இழுபடும் பிடிக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு முன்னால் அலுமினிய டெப் நின்று மறைக்கும் தாங்கியை வாங்கிவிட்டு, சிக்னல் விட்டுப்போவதற்கு ட்ரோனைத் திட்டக்கூடாது.

விசிறி, போன் குளிராக்கி பூட்டினால்?

நிழல் பிடித்த பிறகு விசிறி உதவும். 5 வோல்ட் யுஎஸ்பி விசிறி, 80 மில்லிமீற்றர் அளவு, டெப்பின் முதுகுக்கு ஒரு சதமமீற்றர் தள்ளி, காற்று முதுகில் படும்படி. ஒட்டிப் பூட்டினால் காற்று ஓடாது. விசிறி எவ்வளவு சுழன்றாலும் டெப்பைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிராக்காது. காற்று 34 பாகை என்றால் 45இல் நிற்கும் டெப்பைக் கொஞ்சம் இறக்கும், அவ்வளவுதான். சோளகம் வீசும் வெட்டையில் அதுவும் தேவையில்லை. முதுகைக் காற்றுக்குக் காட்டினால் சரி.

விளையாட்டுப் போன்களுக்கு விற்கும் பெல்ரியர் குளிராக்கி வேறு வகை. அதன் தட்டு உண்மையாகவே குளிரும். அதுதான் இங்கே பிரச்சினை. சித்திரை வைகாசியில் யாழ்ப்பாணக் காற்றில் ஈரப்பதன் அதிகம். 25 பாகை அளவுக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் வியர்க்கும். கடற்கரை என்றால் அதில் உப்பும் சேரும். அந்த ஈரம் சார்ஜ் வாய்க்குள் இறங்கினால் சூட்டைவிடப் பெரிய செலவு. பிளாஸ்ரிக் முதுகு டெப்புக்கு அது பெரிதாக உதவாது. தட்டு பட்ட இடம் மட்டும் குளிரும்.

ஐஸ் கட்டி வைத்தால், குளிர்சாதனப் பெட்டிக்குள் ஐந்து நிமிடம் வைத்தால்?

வேண்டாம். மேலே சொன்ன வியர்வை டெப்பின் உள்ளேயும் நடக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. சுட்ட டெப்பை நிறுத்தி, கவர் கழற்றி, நிழலில் காற்றுப்படும் இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். 10 முதல் 15 நிமிடம் போதும். கல்லாசனமும் சீமெந்துத் திண்ணையும் நிழலில் இருந்தால் நல்ல இடம். கார் பொனற் அல்ல.

ஏசி மண்டபத்திலிருந்து நேரே வெளியே எடுத்துப் பறக்கவிடலாமா?

22 பாகையில் இருந்த டெப்பையும் ட்ரோனையும் வெளியே கொண்டுவந்தால் டெப்பின் கண்ணாடி, ட்ரோனின் வில்லை எல்லாம் புகை படிந்ததுபோல் ஆகும். பையை மூடியபடியே வெளியே நிழலில் 15 நிமிடம் வைத்துவிட்டுத் திறவுங்கள். துடைத்துத் துடைத்துப் பறக்கவிட்டால் மாலை மாற்றும் காட்சி மங்கலாக வரும்.

டெப் நிற்கப் போகிறது என்பதை முன்கூட்டியே அறியலாமா?

அறியலாம், பெரும்பாலும் வரிசைப்படி வரும். திரை தானாக மங்கும். நீங்கள் வெளிச்சத்தைக் கூட்டினாலும் ஏறாது. சார்ஜ் நின்றுவிடும். பிறகு வீடியோ தட்டித் தட்டி வரும், தொட்டால் சற்றுத் தாமதித்துக் கேட்கும். அதன் பிறகே, குளிரும் வரை பாவிக்க முடியாது என்ற எச்சரிக்கை. முதல் அறிகுறியிலேயே ட்ரோனைத் திருப்புங்கள். மங்கிய திரையோடு இன்னொரு சுற்று எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

கொரோனாக் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி வீட்டில் கிடந்தால் அதைப் பரப்பு அளக்கும் நிலைக்கு மாற்றிப் பாவிக்கலாம். கண்ணாடியில் அளவுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும். முதுகில் அளப்பதென்றால் ஒரு துண்டு மறைப்புப் பட்டி (மாஸ்கிங் ரேப்) ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் முதுகில் உள்ளங்கையை வையுங்கள். ஐந்து விநாடிக்குள் எடுக்கத் தோன்றினால் அடுத்த பறப்பு வேண்டாம்.

பறக்கும்போதே டெப் நின்றால் ட்ரோன் விழுமா?

விழாது. ட்ரோனோடு பேசுவது ரிமோட். டெப் வெறும் கண்ணாடி மாதிரி, படத்தைக் காட்டுகிறது. டெப் நின்றாலும் ரிமோட்டின் கோல்கள் வேலை செய்யும், ட்ரோனைப் புறப்பட்ட இடத்துக்கே வரவழைக்கும் ‘வீடு திரும்பும்’ பொத்தானும் வேலை செய்யும். டெப் நின்றதாலேயே ட்ரோன் தானாகத் திரும்பி வராது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தத் தானியங்கித் திரும்பல் ரிமோட்டின் தொடர்பு அறும்போதுதான் நடக்கும்.

செய்ய வேண்டியது இது. கோல்களை விடுங்கள், ஜிபிஎஸ் பிடித்திருந்தால் ட்ரோன் அந்த இடத்திலேயே நிற்கும். டெப்பைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்து ட்ரோனைக் கண்டுபிடியுங்கள். தெரிந்தால் கண்ணால் ஓட்டி இறக்குங்கள். தெரியாவிட்டால் வீடு திரும்பும் பொத்தானைச் சத்தம் கேட்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். கேபிளைப் பிடுங்கிக் குழம்புவது அதற்குப் பிறகு.

வழிப்புள்ளிகள் போட்டுத் தானாகப் பறக்கும் வேலைகளில் இரண்டு வகை உண்டு. சில செயலிகள் முழுப் பாதையையும் ட்ரோனுக்குள் ஏற்றிவிடும்; டெப் நின்றாலும் ட்ரோன் தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும். சில செயலிகள் டெப்பிலிருந்தே ஒவ்வொரு கட்டளையாக அனுப்பும். டெப் நின்றதும் ட்ரோன் நடுவானில் நிற்கும். உங்கள் செயலி எந்த வகை என்பதைக் காணி அளக்கப் போக முதல், வெறும் வெட்டையில் தாழ்வாகப் பறக்கவிட்டு, செயலியை மூடிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீடு திரும்பும் உயரம் எவ்வளவு வைப்பது?

பனை 30 மீற்றர் வரை வளரும். பறக்கும் இடத்தைச் சுற்றி எது உயரமோ, பனையோ கோபுரமோ தொலைத்தொடர்புக் கம்பமோ, அதைவிட 10, 15 மீற்றர் கூட வையுங்கள். உங்களுக்குத் தந்த அனுமதியின் உயர எல்லையைத் தாண்டக்கூடாது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் பறக்கவிடுவது சட்டப்படி தவறு. பலாலி விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் இங்கே அது இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம். ட்ரோன் மிக அருகில் நிற்கும்போது பொத்தானை அழுத்தினால் சில மாதிரிகள் உயராமலே இறங்கப் பார்க்கும். கையேட்டில் அந்தத் தூரம் எவ்வளவு என்று பாருங்கள்.

மாற்றுக்கு ஒரு போன் வைத்திருக்க வேண்டுமா?

கட்டாயம். ஆனால் செயலி நிறுவி, கணக்கில் நுழைந்து, ஒருமுறையாவது அதே ரிமோட்டில் பூட்டிப் பறக்கவிட்ட போனாக இருக்க வேண்டும். ட்ரோன் மேலே நிற்க, கீழே கடவுச்சொல் தேடிக்கொண்டு நிற்க முடியாது. அதற்குரிய கேபிள் ரிமோட் பையிலேயே இருக்கட்டும். போனை நிழலில், காற்சட்டைப் பைக்குள் அல்லாமல், பையில் வையுங்கள். உடம்புச் சூட்டில் கிடந்த போன் பூட்டிய சில நிமிடத்தில் அதே பாட்டைப் பாடும்.

திரை சேர்ந்த ரிமோட் வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா?

பெருமளவு தீரும். டிஜேஐயின் ஆர்சி, ஆர்சி 2 இரண்டும் 700 நிட், ஆர்சி ப்ரோ 1000 நிட். ஆர்சி 2 இயங்கும் எல்லை 40 பாகை. ஐபாட்டைவிட 5 பாகை கூட. ஆர்சி பிளஸ் 50 பாகை வரை தாங்கும், ஆனால் அது பெரிய தொழில்முறை ட்ரோன்களுக்கானது. உள்ளே விசிறியோடு வரும் மாதிரிகளில் காற்றுத் துளைகளைக் கையாலோ பட்டியாலோ மூடாதீர்கள். மணற்காட்டு மணல் போய் அடைக்காமலும் பாருங்கள். ஒரு வித்தியாசம்: இந்த வகையில் ரிமோட்டே சூட்டில் அணைந்துபோனால் தொடர்பு முழுதாக அறும், அப்போது ட்ரோன் நீங்கள் முன்னரே வைத்த தொடர்பிழப்புச் செற்றிங்கின்படி நடக்கும். அதை வீடு திரும்பும்படி வைத்திருக்கிறீர்களா என்று பறக்க முதல் பாருங்கள். நிழல் வேண்டும் என்பது இவற்றுக்கும் பொருந்தும்.

கொண்டுபோகும் வழியிலேயே டெப் சுட்டுவிடுகிறது. என்ன செய்யலாம்?

மூடிய வாகனத்தின் டாஷ்போட்டில் வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் வாகனத்தில் அந்த இடம் 60 பாகையைத் தாண்டும். ஐபாட்டை அணைத்து வைப்பதற்கே எல்லை 45 பாகை. மோட்டார்சைக்கிளில் போவதென்றால் கறுப்பு முதுகுப்பையை வெள்ளைத் துவாயால் மூடுங்கள். மிகவும் மலிவான வழி மீன் கொண்டுபோகும் ரெஜிபோம் பெட்டி: புதியது ஒன்று வாங்கி, ஐஸ் போடாமல், காலைக் குளிர்ச்சியிலேயே டெப்பை உள்ளே வைத்து மூடுங்கள். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் போகும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தையும் அது தாங்கும், உப்புத் தண்ணீர்ச் சிதறலையும் தடுக்கும்.

ட்ரோனின் பற்றரிக்கும் இதே கவனம் வேண்டுமா?

வேண்டும். இறங்கிய கையோடு சார்ஜில் போடாதீர்கள். டிஜேஐ பற்றரிகளுக்குச் சார்ஜ் செய்யும் எல்லை 5 முதல் 40 பாகை, பறந்து இறங்கிய பற்றரி அதைத் தாண்டியே இருக்கும். ட்ரோனை இயக்கி நிலத்தில் வைத்துக்கொண்டு மணமக்களை ஒழுங்குபடுத்தாதீர்கள். இறக்கை சுழலாமல் நிற்கும் ட்ரோனுக்குக் காற்றோட்டம் இல்லை, சுடுமணலில் வைத்தால் அடியிலிருந்தும் சூடு ஏறும்.

பல முறை சுட்ட பிறகு ஐபாட்டின் திரை ஒரு ஓரத்தில் லேசாக உயர்ந்திருக்கிறது. அழுத்திவிட்டால் சரியா?

அழுத்த வேண்டாம். அது பற்றரி வீங்கியதன் அடையாளம். சார்ஜ் போடாதீர்கள், தாங்கியில் இறுக்காதீர்கள். அணைத்து, எரியக்கூடிய பொருள் இல்லாத நிழலான இடத்தில், சீமெந்து நிலத்திலோ மண்சட்டிக்குள்ளோ வைத்து, பற்றரி மாற்றத் தெரிந்த கடைக்குக் கொண்டுபோங்கள். கொண்டுபோகும்போது பைக்குள் திணிக்காமல், மேலே பாரம் ஏறாமல், தட்டையாக.